புயல் வரும் ஊருக்குப் பஞ்சாயத்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர், பேரிடர் என்றாலே அதிகாரம் ஓரிடத்தில் குவிய வேண்டும் என்கிறார்கள். படைக்கு உத்தரவு ஒரே இடத்திலிருந்து வரவேண்டும், சரி. குடிநீருக்கும் தங்குமிடத்துக்குமா?

உக்ரைன் 2014-ல் தொடங்கிய சீர்திருத்தத்தில் உள்ளாட்சிகளுக்கு வருமான வரியில் பங்கும் பொறுப்பும் கொடுத்தது. 2022-ல் ரஷ்யா படையெடுத்தபோது பல ஊர்களில் தங்குமிடம், குடிநீர், இடம்பெயர்ந்தோருக்கான உதவி எல்லாவற்றையும் உடனே கவனித்தவர்கள் அந்த உள்ளாட்சிகளின் மேயர்கள்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 சுனாமியன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்துக்கு எச்சரிக்கை அரசிடமிருந்து வரவில்லை. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மீனவர்களுக்குத் தகவல் சொல்லும் கிராம அறிவு மையத்தின் கதவை உடைத்து, வழக்கமாக அலை உயரம் சொல்லும் ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். யாருடைய அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

அதே புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டபோது, புதுச்சேரியில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்கூட இல்லை. 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் அதே நிலைதான். வேதனையாக இருக்கிறது.

புதுச்சேரி அரசு உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும். கடலூரில் ஒவ்வொரு கடலோர ஊராட்சிக்கும் ஜெனரேட்டர், படகு, அவசர நிதி ஆகியவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தின் சாவியும் ஊரிலேயே இருக்கட்டும்.

- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்