செக்குபந்தியில் ஒரு சினிமா கொட்டாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பங்காளிகளுக்குள் ஒரு பாகப்பிரிவினை வேலைக்காகப் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பழைய பத்திரங்களைப் பார்த்தோம். காரிமங்கலம் பக்கம் இருக்கிற எங்கள் நிலத்துக்கு 1969ல் எழுதிய கிரயப் பத்திரம் அது. செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, எழுதிய இடத்தில் "சினிமா கொட்டாய்க்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு" என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன் "இங்கே எங்கே பெரியப்பா சினிமா கொட்டாய்?" என்று கேட்டான். அந்த இடத்தில் இப்போது மாந்தோப்பு. நான் பையனாக இருந்தபோது அங்கே தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன், ஆனால் திரை எந்தப் பக்கம் இருந்தது, வாசல் எந்தப் பக்கம் என்று அவனுக்குக் கை நீட்டிக் காட்டப் போனபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் கொட்டாய் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். காட்டில் வீடு கட்டிக் குடியிருந்தால் அது கொட்டாய், நாலு வீடு சேர்ந்தால் ஊர்ப் பெயரே இன்னார் கொட்டாய் என்று ஆகிவிடும், பஸ்ஸிலும் அப்படித்தான் டிக்கெட் கேட்போம். அதே மாதிரிதான் சினிமாவுக்கும் கொட்டாய். மற்ற ஊர்க்காரர்கள் டூரிங் டாக்கீஸ் என்றதை நாங்கள் கொட்டாய் என்றோம், பிறகு டவுனில் சுவர் எழுப்பி பால்கனி வைத்துக் கட்டிய தியேட்டரையும் வயசானவர்கள் கொட்டாய் என்றே சொன்னார்கள்.

கூரைக் கொட்டாய்க்கு நிரந்தர உரிமம் கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அதனால் கொட்டாய் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது. ஏரிக்கரைக்குப் பக்கம் இரண்டு வருஷம், அப்புறம் சந்தை மேட்டுக்குப் பக்கம், அப்புறம் பக்கத்து ஊர். என் அம்மா பிறந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வண்டி கட்டி வந்த சனம் விற்றது வாங்கியது எல்லாம் முடித்துவிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டிப் போட்டுவிட்டு முதல் ஆட்டம் பார்த்துத்தான் திரும்புவார்கள் என்று அம்மா சொல்வார். ஒற்றை மெஷின் என்பதால் ஒரு சுருள் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். இரண்டாயிரம் அடிச் சுருள் என்றால் சுமார் 22 நிமிஷம் ஓடும், ஆக ஒரு படத்துக்குப் பல இடைவேளை, அந்தந்த இடைவேளைக்கு முறுக்கு, கடலை உருண்டை, சோடா. படப்பெட்டி சேலத்திலிருந்து பஸ் மேலே ஏறி வரும். இன்றைக்கும் சினிமா வியாபாரத்தில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் 'சேலம் ஏரியா'வில்தான் சேர்த்தி.

சரி, கொட்டாய் பிரித்துக்கொண்டு போனது, தடம் இல்லை. ஆனால் டவுனில் கட்டிய தியேட்டர்களுக்குமா தடம் இல்லாமல் போக வேண்டும்? தருமபுரியில் பழைய ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார், வயது 84. அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுற்றி வந்தேன். அவர் வேலை பார்த்த தியேட்டர் இப்போது குடோன், முன்பக்கம் வரிசையாகக் கடைகள். காவலாளியிடம் சொல்லி உள்ளே போனோம். மூட்டைகளுக்கு மேலே, பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ரொம்ப மேலே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுர ஓட்டைகள், செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள், ஆனால் பூச்சு வேறு நிறமாக இருப்பதால் பளிச்சென்று தெரிகிறது. "இது வெளிச்சம் போற ஓட்டை, அது நான் பாக்குற ஓட்டை" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் மீதியைச் சொன்னார். கார்பன் குச்சி இரண்டு, முனைக்கு முனை எரியும், எரிய எரியக் குறையும், கையால் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கண் அசந்தால் திரை மங்கிக் கீழே விசில் பறக்கும். அந்த ஓட்டைகளுக்கு இரும்புத் தகட்டில் மூடி உண்டு, தீப்பிடித்தால் சட்டென்று விழுந்து மூடிக்கொள்கிற மாதிரி, ஏனென்றால் பழைய நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. ஆபரேட்டர் அறையை மட்டும் தனியாகக் கல்லும் காரையுமாகக் கட்டியதற்கும் அதுதான் காரணம். அதனால்தானோ என்னவோ, இடித்த தியேட்டர்களில்கூட அந்த அறை மட்டும் சில இடத்தில் மிஞ்சி நிற்கிறது.

ஒரு தியேட்டருக்கு வயசு கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பெயரில் டாக்கீஸ் என்று இருந்தால் படம் பேச ஆரம்பித்த பிறகு வைத்த பெயர், அதாவது தமிழில் 1931க்குப் பிறகு. தமிழின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம் 'ராஜராஜ சோழன்', வந்தது 1973ல், ஆகவே திரையை அகலமாக்கப் பக்கச் சுவரை இடித்துக் கட்டிய அடையாளம் இருந்தால் அந்த வேலை பெரும்பாலும் அதற்கு அப்புறம் நடந்தது. முகப்பில் டி.டி.எஸ். என்ற டிஜிட்டல் ஒலி முறையின் எழுத்து இருந்தால் 1990களின் கடைசிக்கு வந்துவிடலாம். 2010ஐ ஒட்டி டிஜிட்டல் பரவியதும் சில வருஷத்திலேயே படப்பெட்டி வருவது நின்றது, ஆபரேட்டர்கள் வீட்டுக்குப் போனார்கள், மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின.

காகித ஆதாரமும் இருக்க வேண்டும். 1955ஆம் வருஷச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு தியேட்டருக்கும், கூரைக் கொட்டாய்க்கும்கூட, சி பாரம் உரிமம் வேண்டும், கொடுப்பது கலெக்டர். உரிமம் கேட்டு மனுப் போட்டால் வரைபடமும் இணைக்க வேண்டும். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9ல். ஆக கிருஷ்ணகிரி பழையபேட்டையிலோ காவேரிப்பட்டணத்திலோ இருந்த ஒரு தியேட்டரைத் தேடினால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று கலெக்டர் ஆபீசிலும் தேட வேண்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்குப் படமும் கன்னடப் படமும் ஓடிய தியேட்டர்களுக்கு அந்த மொழிப் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். தனி ஆள் செய்கிற வேலை இல்லை இது.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். அந்தக் காலத்துப் படவிளம்பரம் வாசகர்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும், அடியில் பொடி எழுத்தில் ஊர் ஊராகத் தியேட்டர் பெயர் போடுவார்கள், சேலம், ஆத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று. நம் ஊர்த் தியேட்டர்களுக்குத் தேதியோடு கிடைக்கக்கூடிய நல்ல பதிவு அந்தப் பொடி எழுத்துதான் என்று நினைக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் பழைய தொகுப்புகள் இருந்தால் வாரம் ஒரு விளம்பரத்தை எடுத்து அப்படியே மறுபடி அச்சடியுங்கள். கீழே இரண்டு வரி போதும்: இந்தத் தியேட்டர் எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, தெரிந்தவர்கள் எழுதுங்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் கடிதம் வந்து குவியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 முதல் 1941 வரை ஓடிய சின்ன ரயில் நின்று எத்தனை வருஷம் ஆகிறது, ஆனாலும் அந்தப் பாதை நினைவில் இருக்கிறது, திரும்பப் போடச் சொல்லி ஊரே கேட்டுக்கொண்டிருந்ததால் இருக்கிறது. கொட்டாயைத் திரும்பக் கட்டச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் அது வேண்டாம். இடம் தெரிந்தால் போதும், சர்வே எண்ணோடு தெரிந்தால் இன்னும் நல்லது. வாசகர்களும் வீட்டில் இருக்கிற பத்திரங்களைப் பிரித்து செக்குபந்தியைப் படித்துப் பாருங்கள், டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், முறுக்கு விற்றவர் யாராவது தெருவில் இருந்தால் ஒரு சாயந்திரம் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் பத்திரத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் வந்தால் ஆபரேட்டர் ஐயா வீட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, அதற்கு மேல் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
தருமபுரி வாசகர் ஒருவர்