அந்தப் பதினோரு தையல்களுக்கு

நேற்று மாலை தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து உட்கார்ந்தவன் கேட்ட முதல் கேள்வி, "என் சைக்கிள் எங்கே?" அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. ஒன்பது நாளாக வராத அழுகை.

அன்று நாங்கள் இருவரும் சைக்கிளில் கணவாயிலிருந்து இறங்கும்போது தம்பி விழுந்து பலமாக அடிபட்டான். அந்த இறக்கத்தில் என்ன ஆனது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. நன்றி சொல்லத் தெம்பு இருக்கிறது. மனசு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, அவன் தூங்கியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கணவாயிலிருந்து எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்த அந்த இரண்டு பெண்கள். அதற்கு முன் நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் கழுத்து அசையாமல், தலையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒருவர் சரளையிலேயே குப்புறப் படுத்துக் கிடந்தார். குளிர் ஏறாமலிருக்க வெள்ளித்தாள் போர்வையை அவன்மேல் சுற்றிவிட்டு, இன்னொருவர் விசில் ஊத ஆரம்பித்தார். நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. மலையில் உதவி கேட்கும் முறை அது. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று ஊதலாகப் பதில் தருவார்கள். அன்று பதில் வரவே இல்லை. ஆம்புலன்ஸ் வெளிச்சம் மரங்களுக்கிடையில் தெரியும் வரை அவர் ஊதுவதை நிறுத்தவும் இல்லை. அந்த உதடுகளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இரவில் சாவியோடு வந்து வனச்சாலைத் தடுப்பைத் திறந்துவிட்ட ஊழியர், ஆம்புலன்ஸுக்கு வழிவிட மரம் ஏற்றிய லாரியை வளைவு வரை பின்னோக்கியே ஓட்டிப்போன டிரைவர், ரத்தம் கொடுத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், "நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று மூன்று இரவும் சொன்ன செவிலியர், எங்கள் இரண்டு சைக்கிள்களையும் தேடிக் கொண்டுவந்து சேர்த்த நண்பர்கள் எல்லோருக்கும் கைகூப்பி வணங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை. எழுதுவேன்.

ஆனால் இந்த மடலை முக்கியமாக ஒருவருக்காக எழுதுகிறேன். அவரைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. தம்பியிடம்கூட இன்று காலைதான் சொன்னேன்.

அவன் விழுந்த இடத்தில் யாருடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை. இரு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில் அலைவரிசை எங்கிருந்து வரும்? செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிக்கும் திறந்த வானம் வேண்டும். எங்களுக்கு மேலே இலைக்கூரைதான் இருந்தது. சிக்னல் கிடைக்கும் இடம் ஆற்றோடு இறங்கினால் பாலத்துக்கருகே, 21 கிலோமீட்டர். என் விளக்கைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பினேன். ஏழாவது கிலோமீட்டரில், ஆற்றை ஒட்டிய வளைவில், பின் டயர் 'புஸ்' என்றது.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், முள்ளோ ஆணியோ குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் என்ற பசைத் திரவமே அடைத்துவிடும். கொஞ்சம் பெரிய ஓட்டை என்றால் ரப்பர் பிளக் செருகி அடைக்கலாம். இது அப்படியில்லை. டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, கூரான கல் ஒன்று மூன்று சென்டிமீட்டருக்குக் கிழித்திருந்தது. வெள்ளைச் சீலன்ட் என் காலெல்லாம் பீய்ச்சியடித்தது. பையில் உபரி டியூப் இருந்தது. ஆனால் அப்படிக் கிழிந்த டயருக்குள் டியூபைப் போட்டுக் காற்றடித்தால் அது கிழிசல் வழியே பலூன் மாதிரி வெளியே பிதுங்கி வெடித்துவிடும். நான் இரண்டு கையிலும் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னம்மா, கிழிஞ்சிடுச்சா?"

கீழே பாறைமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். அந்தி மங்கும் நேரத்தில்தான் மீன் கடிக்கும் என்பதால் வந்திருக்கிறார். நான் ஏதேதோ சொன்னேன். தம்பி, ரத்தம், பாலம், சிக்னல். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் நடந்தே வந்தவர், வண்டி கிடையாது. அவருடைய கைபேசிக்கும் அங்கே உயிரில்லை. வேறு யாராக இருந்தாலும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, ஓடச் சொல்லியிருப்பார்கள். நானும் ஓடத்தான் இருந்தேன், அந்த 14 கிலோமீட்டரையும்.

அவர் டயரை வாங்கிக் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். "ரப்பர் போனா போகட்டும். உள்ளே துணிதானே? துணின்னா தைக்கலாம்," என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும். டயரின் உடம்பு நைலான் இழைத் துணிதான். ரப்பர் அதன் மேல் பூச்சு. அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுகளில் 2006 முதல் கிராவல் எனும் சரளைப் பாதை சைக்கிள் பந்தயம் நடக்கிறது, அன்பவுண்ட் என்று இப்போது பெயர். அங்கே பாதை முழுக்கச் சக்கிமுக்கிக் கற்கள். அம்பு முனை செய்யப் பயன்பட்ட கல், டயரை விட்டுவைக்குமா? அந்த மாதிரிப் பாதைகளுக்குப் போகிறவர்கள் ஊசியும் நூலும் எடுத்துப்போவார்கள் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் பையில் ஒருநாளும் வைத்ததில்லை.

அவர் பையில் கோணி ஊசி ஒன்று இருந்தது, மீன் பையைத் தைக்க வைத்திருந்தது. ஒற்றை இழைத் தூண்டில் நரம்பான தங்கூசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இது வழுக்கும், முடிச்சு நிக்காது." பல இழைகளைச் சேர்த்துப் பின்னிய பின்னல் நரம்பை எடுத்தார். தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு பாறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தன் தோள் துண்டால் சீலன்ட்டை வழித்துத் துடைத்தார். என்னை டயரின் இரு விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்.

ஊசி சுலபமாக இறங்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்து ஒரு தட்டைக் கூழாங்கல்லை எடுத்து, அதை வைத்து ஊசியின் பின்பக்கத்தை அழுத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கிழிசலுக்கு மிக அருகில் குத்தாமல் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளியே குத்தினார். பக்கத்தில் குத்தினால் இழை பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்றார். குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். நாலாவது தையலில் ஊசி அவர் கட்டைவிரலில் ஏறியது. சட்டையில் துடைத்துக்கொண்டு ஐந்தாவதைப் போட்டார். என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "அவசரப்படாதேம்மா. தையல் நின்னாத்தான் நீ போய்ச் சேரலாம்," என்றார். அவ்வளவுதான். தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தெரியாததை அவர் சொல்லவில்லை. அதனாலேயே, தைத்தால் தாங்கும் என்று சொன்னதை நான் நம்பினேன்.

பதினோரு தையல். கடைசியில் உள்பக்கம் வைக்க, காலில் கிடந்த பழைய ரப்பர் பூட்ஸின் மேல்விளிம்பிலிருந்து ஒரு துண்டைக் கத்தியால் அறுத்தார். நான் தடுக்கப் பார்த்தேன். "கரையில நிக்கிறவனுக்கு இவ்வளவு உயரம் எதுக்கு?" என்றார்.

டியூபைப் போட்டுக் காற்றடித்தோம். வழக்கமாக 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓட்டுவேன், அன்று 25-க்கு மேல் ஏற்றத் துணிவில்லை. காற்றுக் குறைந்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கிவிடும். கூடினால் தையல் பிரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் பிழைக்க வேண்டியிருந்தது. நான் ஏறப்போகும்போது அவர் தலைவிளக்கைக் கழற்றி என் ஹெல்மெட்டில் மாட்டிவிட்டார். "நான் இருட்டுக்குப் பழகினவன்," என்றார். பேர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நன்றிகூடச் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் இந்த ஒன்பது நாளாக என்னை அறுக்கிறது.

தையல் தாங்கியது. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் கதை வேறு என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அந்த 'டக்' சத்தம்தான் கேட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இந்தப் பாதைகளைப் பற்றி நிறைய யோசித்தேன். நாம் ஆசைப்பட்டுப் போகும் எந்தப் பாதையும் நமக்காகப் போட்டதில்லை. செங்குத்து ஏற முடியாத ரயில், ஆறு குடைந்து வைத்த வழியைப் பிடித்துக்கொண்டு போனது. தண்டவாளத்தை எடுத்த பிறகு அது நமக்குப் பாதையானது. மலையில் நாம் மூச்சிரைக்க ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் மரம் ஏற்றும் லாரி திரும்புவதற்காக வெட்டியவை. ஆறும் ரயிலும் லாரியும் விட்டுப்போன வழியில் போகிறோம். அங்கே நமக்கு முன்பிருந்தே ஆட்கள் இருக்கிறார்கள், தூண்டிலோடு, கோடரியோடு, ஆட்டு மந்தையோடு. இத்தனை வருடமாக அவர்களைத் தாண்டிப் போகும்போது நான் கையசைத்திருக்கிறேன். நின்றதில்லை. வேகம் குறைந்துவிடுமே என்று நின்றதில்லை.

அன்றைய பாதையைப் போட்டவள் நான். 92 கிலோமீட்டர், 1,800 மீட்டர் ஏற்றம், ஒரு பள்ளத்தாக்கில் ஏறிக் கணவாயைத் தாண்டி மறு பள்ளத்தாக்கில் இறங்குவது. வரைபடத்தில் அந்தக் கோடு அவ்வளவு அழகாக இருந்தது. பூட்டிய தடுப்பு எங்கே, சிக்னல் எங்கே சாகிறது, பாதியில் திரும்ப வேண்டுமானால் எந்தப் பக்கம் இறங்குவது என்று அந்தக் கோடு சொல்லவில்லை, நானும் தேடவில்லை. இனி நான் யாருக்குப் பாதை அனுப்பினாலும், தண்ணீரும் வெளியேறும் வழியும் சிக்னல் கிடைக்கும் இடங்களும் குறிக்காமல் அனுப்ப மாட்டேன். ஊசியும் பின்னல் நரம்பும் பம்ப்போடு சேர்த்தே கட்டி வைத்துவிட்டேன். யாராவது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நின்றால், என் நேரம் எவ்வளவு போனாலும் இறங்கிக் கேட்பேன்.

தம்பி மறுபடி ஓட்ட நாளாகும். எவ்வளவு நாள் என்று அவசரப்படுத்தப் போவதில்லை. அமெரிக்காவில் கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற சைக்கிள் பாதையில் போக வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் கனவு. கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை சுமார் 240 கிலோமீட்டர், பாதி வழி யாக்கிகேனி ஆற்றோடு. பழைய ரயில் வழி என்பதால் சரிவு எங்கேயும் 2 சதவீதத்துக்குள். நடுவே ஒரு கிலோமீட்டர் நீளக் குகைப்பாதை. "அது கிழவர்கள் போகிற பாதை" என்று முன்பெல்லாம் நான் தட்டிக்கழிப்பேன். இன்று காலை அவனே பேச்சை எடுத்தான். போகலாம் என்றேன். அவன் எந்த வேகத்தில் போகிறானோ அந்த வேகத்தில், அவனுக்குப் பின்னால்.

அந்த டயரை அவனிடம் காட்டினேன். நல்ல கையால் ஒவ்வொரு தையலாகத் தடவி எண்ணினான். ஒன்பதாவதில் நின்று, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

ஐயா, இதைப் படிக்கும் யாராவது உங்களை அறிந்திருந்தால் படித்துக் காட்டட்டும். தம்பி பிழைத்துவிட்டான். பதினோரு தையலில் ஒன்றுகூடப் பிரியவில்லை. உங்கள் தலைவிளக்கு என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றி, துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் கால் அளவு தெரியாது, அதனால் பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை. வரும் சனிக்கிழமை அந்தி நேரத்தில் அதே வளைவுக்கு வருகிறேன். நீங்கள் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.