வீரர் கிளம்பிய பிறகு அந்த வீட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவத்தில் இருப்பவர் தொலைதூரப் பணிக்குக் கிளம்பும்போது வழியனுப்பப் பலரும் வருகிறோம். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைந்துவிடுகிறது. 'உதவி வேண்டுமென்றால் கேளுங்கள்' என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பிள்ளைகள், வயதான பெற்றோர், வங்கி வேலை, ஒழுகும் குழாய் என எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளிப்பவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். 'சனிக்கிழமை காலை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்' என்று நாளையும் வேலையையும் நாமே சொன்னால், அவர் சரி என்றால் போதும்.

இன்னொன்றை மன்றாடியே கேட்கிறேன். எங்கோ மோதல் என்று செய்தி வந்ததும் 'அவர் அங்கேதானே இருக்கிறார்?' என்று போன் செய்யாதீர்கள். பல நேரம் இடம் குடும்பத்துக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த அமெரிக்கர் பாலின் பாஸ், உடலால் இல்லாமல் மனதில் முழுதாக இருக்கும் ஒருவருக்காகக் காத்திருப்பதன் வலியை விளக்கினார். பணிக்குப் போனவரின் வீட்டிலும் அதன் சாயல் உண்டு.

சிறு பிள்ளைகள் திடீரென்று படுக்கையை நனைப்பார்கள், வகுப்பில் எரிந்து விழுவார்கள். அப்பாவோ அம்மாவோ பணியில் இருப்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், அதை அடம் என்று எண்ணித் தண்டிக்கமாட்டார்.

வீரர் திரும்பிய முதல் சில மாதங்களும் லேசானவை அல்ல. அவர் இல்லாமல் ஓடப் பழகிய வீட்டில் அவருக்கும் மறுபடி இடம் பிடிபட வேண்டும். அதுவரை நம் உதவி தொடர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்