லிஃப்டை மறைப்பதா, கொடுப்பதா?

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனம் லேசானது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் எடுத்திருக்கிறாள். தீபாவளி ஒளியூட்டு வந்ததும் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாலை சாவகாசமாக உட்கார்ந்து பேசுவோம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெக்ஸ் ரோபோ போட்டிக்கு உங்கள் மன்றப் பிள்ளைகள் கட்டிய லிஃப்டின், அதாவது ரோபோ பொருளை உயரத் தூக்கும் பகுதியின், வடிவமைப்பை இன்னொரு பள்ளி கேட்கிறது, கொடுக்கக் கூடாது என்று பெற்றோர் சொல்கிறார்கள், பிள்ளைகள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். கொடுக்கச் சொல், ரேவதி. போட்டி முடிந்த பிறகு அல்ல, இப்போதே. ஆனால் வரைபடக் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு, பகிர்ந்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது.

மறைத்தால் யாரும் பார்த்துப் பண்ண மாட்டார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வெக்ஸ் ஆட்டங்களைத் தொலைபேசியில் படம் பிடிக்காத அணி ஏது? கைகள் இரண்டு அடுக்காக மடங்கி விரியும் டபுள் ரிவர்ஸ் ஃபோர்-பார் லிஃப்டை ஒரே ஆட்டத்தில் பார்த்தாலே போதும். வெக்ஸ் சட்டங்களில் துளைகள் அரை அங்குல இடைவெளியில் இருப்பதால், படத்தை நிறுத்தி எண்ணினால் ஒவ்வொரு கையின் நீளமும் கிடைத்துவிடும். வெளித்தோற்றத்தை யாராலும் மறைக்க முடியாது. மறைபடுவதெல்லாம் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதுதான். அதனால் காப்பி நிற்பதில்லை, மோசமான காப்பி வருகிறது.

உங்கள் லிஃப்டையே எடுத்துக்கொள். மோட்டாருக்குள் போடும் பல்சக்கரப் பெட்டி சிவப்புக் கார்ட்ரிட்ஜ், வெளியே 12 பல் சக்கரம் 60 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு மோட்டார் 100 சுற்று, கை 20 சுற்று. வேகம் வேண்டும் என்று ஒருவன் 200 சுற்றுப் பச்சைக் கார்ட்ரிட்ஜ் போட்டு 12க்கு 84 வைத்தால் கை ஏறத்தாழ 29 சுற்று வேகத்தில் ஏறும். காகிதத்தில் அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் சிவப்பு மோட்டாரின் உச்ச முறுக்குவிசை 2.1 நியூட்டன் மீட்டர், பச்சைக்கு அதில் பாதி. ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று பெருக்கிப் பார்: முதலாவது 10.5, இரண்டாவது 7.35தான். கை பொருளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மோட்டார் சூடேறும். 55 டிகிரியைத் தொட்டதும் வி5 மோட்டார் தன் மின்னோட்டத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய ரோபோ மதியம் பாதி உயரத்தில் நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ரப்பர் பேண்ட். பிள்ளைகள் கணினியில் வரையும் ஆன்ஷேப் மென்பொருளின் கோப்பில் எல்லாம் இருக்கும், ரப்பர் பேண்ட் மட்டும் இருக்காது. பொதுவாக யாரும் அதை வரைவதில்லை. லிஃப்டின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவதே அதுதான். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு இழுத்திருக்கிறது, ஒரு பக்கத்துக்கு எத்தனை, எத்தனை நாளில் தளர்ந்து மாற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதாமல் கோப்பை மட்டும் கொடுத்தால், வாங்கியவர்கள் ஒரு வாரம் போராடிவிட்டு மோட்டாரைக் குறை சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை போட்டும் ஒரு பக்கம் சாய்கிறது என்றால் ரப்பரைக் கூட்டிப் பயனில்லை. இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

திருகு மூட்டுகளும் அப்படித்தான். தானே கழன்றுவிடாத நைலாக் நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும், கைகளுக்கு இடையில் நைலான் வாஷர் வேண்டும், ஷாஃப்ட் அலுமினியச் சட்டத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் பேரிங் வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மோட்டாரையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, லிஃப்டைக் கையால் உயர்த்தி விட்டால் தடங்கலில்லாமல் விழ வேண்டும். நடுவில் எங்கேயாவது நின்றால் அந்த உயரத்தில் ஏதோ ஒரு மூட்டு பிடிக்கிறது. இந்தச் சோதனையை எந்த ஆட்டக் காணொளியிலும் பார்க்க முடியாது, யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இப்போது பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. வெக்ஸில் இரண்டு அணிக்கு எதிராக இரண்டு அணி. தகுதிச் சுற்றில் கூட்டணி யார் என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. நீங்கள் உதவ மறுத்த பள்ளியே அடுத்த ஆட்டத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கலாம். 15 விநாடி தானியங்கிப் பகுதி, பிறகு பிள்ளைகள் ஓட்டும் 1 நிமிடம் 45 விநாடி. அதில் கூட்டாளியின் லிஃப்ட் பாதியில் நின்றால் இழப்பு உங்களுக்கும்தான். உங்களிடம் கற்றவர்கள் உங்களைத் தோற்கடிக்கவும் கூடும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடு. நடந்தால் வலிக்கத்தான் செய்யும்.

அமெரிக்காவின் எஃப்ஆர்சி (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன்) போட்டியில் இது விதியாகவே இருக்கிறது. ஜனவரியில் அந்த ஆண்டின் விளையாட்டை அறிவிப்பதற்கு முன்பே செய்து வைத்த விரிவான வடிவமைப்போ நிரலோ இருந்தால், அதை எல்லா அணிக்கும் பொதுவில் வைத்திருந்தால்தான் பயன்படுத்தலாம். டெக்சஸின் 118ஆம் அணி ஒவ்வோர் ஆண்டும் எவ்ரிபாட் என்ற எளிய ரோபோவைக் கட்டி, வரைபடத்தையும் செய்முறையையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கிறது. தன் சொந்த ரோபோவை வேறாகக் கட்டுகிறது. இத்தனைக்குப் பிறகும் அது முன்னணி அணிதான்.

டபிள்யூஆர்ஓ, அதாவது உலக ரோபோ ஒலிம்பியாட், வேறு மாதிரி. 2004இல் அதன் முதல் உலகப் போட்டி நம் சிங்கப்பூரில்தான் நடந்தது, நம் தேசியப் போட்டியில் ஜெயிக்கும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அதன் ரோபோமிஷன் பிரிவில் கூட்டணி கிடையாது, ஒவ்வோர் அணியும் கடிகாரத்தோடு மோதுகிறது. பொருளைப் பிடிக்கும் கருவியைத் தேசியச் சுற்று முடியும்வரை வைத்துக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் சொன்னால் நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் முறைகளை மறைக்கக் காரணமே இல்லை. 56 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 17.6 செ.மீ. போகும், தூசி படிந்து வழுக்கி ஒரு சதவிகிதம் பிசகினால் 2 மீட்டரில் 2 செ.மீ. தள்ளிப் போய்விடும். ஈரத்துணியால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் டயரைத் துடை, நீண்ட ஓட்டத்துக்கு நடுவே சுவரில் இடித்து நேராக்கிக்கொள், நிற உணரியின் கறுப்பு, வெள்ளை அளவுகளைப் பயிற்சி அறையில் எடுத்ததை நம்பாமல் போட்டி மண்டபத்திலேயே மறுபடி எடு. இதையெல்லாம் ஒரு தொடக்கப்பள்ளி அணிக்குச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? போட்டி நாள் காலையில் அறிவிக்கும் திடீர் விதி ஒன்று இருக்கிறதே, அதற்கு எப்படியும் யாரும் முன்கூட்டித் தயாராக முடியாது.

பெற்றோரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. திறமை பார்த்து உயர்நிலைப்பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு ரோபோட்டிக்ஸ் பரிசு எடை கூட்டும் என்று நம்பும் வீட்டில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பெருந்தன்மையாக இரு என்று நாம் வெளியிலிருந்து சொல்வது சுலபம். அதனால் முடிவு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும், ஆசிரியையான உன்னுடையதாக வேண்டாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பழைய மாணவர்கள் நிறைய இருக்கும் பள்ளிகளுக்கு வாட்சப்பிலேயே எல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த ஆண்டுதான் மன்றம் தொடங்கி, ஒரே ஒரு கிட்டும் ஒரே ஒரு ஆசிரியருமாக நிற்கும் வட்டாரப் பள்ளிக்கு எதுவும் போவதில்லை. தேர்ந்தெடுத்த நண்பர்களுக்கு மட்டும் பகிர்வது இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. எனக்கு இந்தப் பேச்சில் மனம் கொதிப்பது இங்கேதான்.

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ரோபோவை மாணவர்களே வடிவமைத்து, கட்டி, நிரல் எழுத வேண்டும் என்பது வெக்ஸின் அடிப்படை விதி. துளைக்குத் துளை அப்படியே கட்டிவிட்டு நடுவர் கேட்கும்போது விழித்தால், குற்றம் பகிர்ந்தவர்களுடையது அல்ல. கேட்கும் பள்ளியிடம் சொல்: யாரிடமிருந்து எடுத்தோம், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பொறியியல் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பேச்சு மாணவரிடமிருந்து மாணவருக்குப் போகட்டும். பயிற்றுநர்கள் மட்டும் தங்களுக்குள் கோப்பை மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அனுப்பும் பொட்டலத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டாய். ஆன்ஷேப் இணைப்போடு, வேறு வரைபட மென்பொருளிலும் திறக்கும் ஸ்டெப் கோப்பும் வேண்டும், ஃபியூஷன் மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் அதைத்தான் திறப்பார்கள். திருகுகளின் நீளம் வரைக்கும் உதிரிப்பாகப் பட்டியல். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நான்கு பக்கமும் எடுத்த படங்கள். ரப்பர் பேண்ட் கட்டியிருக்கும் இடத்துக்கு மட்டும் அருகில் எடுத்த படம் தனியாக. பிறகு கைவிட்ட வடிவங்கள் ஒரு பக்கம்: எது உடைந்தது, எந்த இடத்தில், என்ன சுமையில். இந்தப் பக்கத்தை எழுதத்தான் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், ஆனால் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். நிரலோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தைச் சேர்த்துவிடு. உரிமம் இல்லாத நிரலை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. ரோபோ இலக்கில் சரியாக நிற்க மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிஐடி எண்களைத் தனிக் கோப்பில் வைத்து, 3.25 அங்குலச் சக்கரத்துக்கும் இந்த எடைக்கும் மட்டும் பொருந்தும் என்று மேலே எழுதச் சொல். 4 அங்குலச் சக்கரத்தில் அதே எண்களைப் போட்டால் ரோபோ இலக்கைத் தாண்டிப் போய் முன்னும் பின்னும் ஆடக்கூடும்.

வரும் சனிக்கிழமை பயிற்சியின்போது, இந்தப் பொட்டலத்தை லிஃப்ட் வேலையில் சேராத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, ஒரு பக்கத்துக் கோபுரத்தை மட்டும் கட்டச் சொல். அவன் எங்கே நின்று கேள்வி கேட்கிறானோ அங்கேதான் குறிப்பு குறைகிறது. அதைச் சரிசெய்துவிட்டு அனுப்பலாம். எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தும் பட்டியல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், வேண்டியபடி மாற்றிக்கொள். பிள்ளைகள் என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
கவிதா