நடக்கச் சொல்லுங்கள், மறுநாளையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், கொரோனா வந்து போனவர்கள் காய்ச்சல் விட்டதும் தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பலருக்கு இது ஒத்துப்போகும். சிலருக்கு இதனாலேயே உடம்பு கெடும். பிசியோதெரபிஸ்டாக நான் அந்தச் சிலரை இன்னமும் பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தக் கடிதம்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஒரு அம்மா வருகிறார். கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் இல்லை, வீட்டில் இருந்தே தேறியவர். எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். வேலை செய்கிற அன்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்டா தேய்த்து, அரிசி மூட்டையை நகர்த்தி, வீட்டுக்கு வந்து துணியும் துவைத்துவிடுவார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆளைச் சாய்த்துவிடும். உடம்பெல்லாம் வலி, தலை பாரம், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைக்கத் தோன்றாத மந்தம். "படுத்துப் படுத்து உடம்பு பழகிப்போச்சு, நாலு தெரு நடந்தா சரியாகும்" என்றார்கள் வீட்டில். நடந்தார். முன்னைவிட அதிகமாகப் படுத்தார்.

இது சோம்பல் இல்லை, மனப்பிரமையும் இல்லை. உழைப்புக்குப் பின் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்து அறிகுறிகள் மோசமாவது, தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் தொந்தரவு நீடிக்கும் நீண்டகாலக் கொரோனாவில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பிசியோதெரபிஸ்டுகளின் உலக அமைப்பான 'வேர்ல்டு பிசியோதெரபி' 2021 ஜூனிலேயே, உடற்பயிற்சி எழுதித் தருமுன் இது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள் என எச்சரித்தது. இதே தன்மை கொண்ட நாள்பட்ட களைப்பு நோய்க்கு, குறித்த அளவில் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் கைவிட்டது. நம் ஊரில் இன்னும் "நடங்க, நடங்க" தான்.

ஐ.சி.யு.வில் கிடந்து வந்தவர்கள் கதை வேறு. படுக்கையிலேயே தொடைச் சதை கரைந்திருக்கும். குப்புறப் படுக்க வைத்ததில் சிலருக்குத் தோளும் பிடித்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நிலை சற்றுத் தேறியதுமே கட்டிலோரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பதில் சிகிச்சை தொடங்க வேண்டும். "அசையாம படுங்கப்பா" என்று மகன்கள் பாசத்தில் தடுப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியல் இருக்கும். வீட்டில் எப்படி எழுந்து உட்காருவது, எப்போது மாடி ஏறலாம் என்று ஒரு வரி இருக்காது.

சரி, லேசாக வந்து போனவர்கள் எப்போது தொடங்கலாம்? 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல் எனக்கு நியாயமாகப் படுகிறது. அறிகுறி எதுவும் இல்லாமல் குறைந்தது 7 நாள் போகட்டும், பிறகு இரண்டு வாரமாவது மிக லேசான அசைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறது அது. லேசான அசைவு என்றால் மெதுவான நடை, கைகால் நீட்டி மடக்குவது, மூச்சுப் பயிற்சி, சிறு வீட்டு வேலை. பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் நின்று மூச்சு வாங்கினால் அன்றைக்கு அது அதிகம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. வைரஸ் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கக்கூடும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க 2021-ல் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. உட்கார்ந்த இடத்தில் விரலை மாட்டி 97 என்று பார்த்துத் திருப்திப்படுகிறோம். 40 எட்டு எடுத்துவைத்து நடந்த பிறகு அது 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே 96-க்குக் குறைவு என்றால் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அப்புறம், நகப்பூச்சை அழித்துவிட்டு, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் கருவி காட்டுவதை நம்ப முடியாது.

அந்த அம்மாவுக்கு நான் பயிற்சி எதுவும் தரவில்லை. பழைய காலண்டர் ஒன்றில் அன்று செய்த வேலையையும் மறுநாள் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் குறிக்கச் சொன்னேன். துவைக்கும் நாளும் தலைக்குக் குளிக்கும் நாளும் ஒன்றாக விழுந்தால் படுக்கைதான் என்பது அதில் தெரிந்தது. இரண்டையும் பிரித்தார். காய் நறுக்குவதும் குளிப்பதும் ஸ்டூலில் உட்கார்ந்து. அண்டாவை இன்னொருவர் இறக்குகிறார். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, காபி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடுகிறார். களைத்த பிறகு ஓய்வு என்றில்லாமல், களைக்குமுன்பே உட்கார்ந்துவிடுகிறார். முழுதாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி படுப்பது குறைந்திருக்கிறது. வீட்டில் குத்தல் பேச்சும் குறைந்திருக்கிறது, அது எந்த மருந்தாலும் ஆகாதது.

இதற்குப் புதிதாகக் கட்டடமோ கருவியோ வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. வாசலுக்கு வருபவர்கள், கொரோனாவுக்குப் பின் தீராத களைப்போ மூச்சிரைப்போ இருக்கிறதா, வேலை செய்த மறுநாள் எப்படி இருக்கிறது என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். யாரை நடக்க வைப்பது, யாரை உட்கார வைப்பது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், 'நடந்த மறுநாள் படுத்துவிடுகிறவர்கள் நடையைக் கூட்ட வேண்டாம், குறைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்' என்று கட்டம் கட்டிப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். என்னிடம் வருபவர்களில் பலர் வயதானவர்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
கும்பகோணம்.