பத்து நிமிடம் மேடை கொடுங்கள், அண்ணாச்சிமாரே

எங்கள் மும்பை தாராவிச் சந்தின் பொங்கல் விழாக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

போன பொங்கலுக்கு நாலு பையன்கள் ராப் பாட மேடை கேட்டு வந்தார்கள். "இது நம்ம பாட்டு இல்ல, போங்கலே" என்று அனுப்பிவிட்டீர்கள். அதில் ஒருவன் என் அக்கா மகன், பத்தாம் வகுப்பு. அன்று ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை.

அவனுக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளியில் இந்தி, கூட்டாளிகளோடு பாதி மராத்தி. அந்த வயதில் வீட்டில் ஓடும் பாட்டைவிடக் கூட்டாளி கேட்கும் பாட்டுதான் மனசில் ஒட்டும். நாம் இளையராஜா கேசட்டைத் தேயத் தேயக் கேட்டபோது நம் அப்பாக்கள் திட்டவில்லையா?

ஒருநாள் குழாயடியில் நின்று பார்த்தேன். காலி நீல டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஒருவன் தட்டுகிறான். என் அக்கா மகன் கண்ணை மூடிக்கொண்டு வரி சேர்க்கிறான். தோல் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றிய பாட்டு. குளித்துவிட்டு வந்தாலும் அவர் கையில் போகாத வாடையைப் பாடுகிறான். அந்தத் தட்டும் எனக்குத் தெரிந்த தட்டுதான். கோயில் கொடைக்கு வரும் நையாண்டி மேளத்தின் பின்னாலேயே ஓடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இது நம்ம பாட்டு இல்லையென்றால் வேறு யாருடையது?

இந்த ராப் வளர்ந்த ஹிப்ஹாப் இசை பிறந்த கதையும் நமக்கு அந்நியமில்லை. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பள்ளிக்கூடத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு தங்கை விருந்து நடத்தினாள். ரெக்கார்டு போட்டது அவள் அண்ணன், கூல் ஹெர்க். அங்கிருந்துதான் தொடக்கம் என்பார்கள். 2018-இல் 'காலா' படத்துக்கு, சந்தோஷ் நாராயணன் இசையில், நம் தாராவியின் டோபடெலிக்ஸ் குழு ராப் பாடியது. அதைக் கேட்டு நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். சினிமாவில் வந்தால் பெருமை, சந்தில் வந்தால் தொல்லையா?

கெட்ட வார்த்தை வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. சரி, வரிகளை முன்கூட்டியே எழுதி வாங்குவோம், நானே உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன். இந்தப் பொங்கலுக்கு, மேளம் முடிந்த கையோடு பத்து நிமிடம் கொடுங்கள். மைக் ஒன்று போதும். டிரம்மை அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் சந்தில் பிறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி