குளிர் வேறு, வெயில் வேறு

ஐயா,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், வைட்டமின் டி குறைந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) வரும் வாய்ப்பு கூடும் என்று ஒரு கட்டுரை வந்தது. ‘மலைவாசிகள் கவனம்’ என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரி எங்கள் தெருவைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மறுநாளே இரண்டு பேர் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டுகளை வாங்கி வந்தார்கள். வாரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை, அவர்களில் ஒருவர் தினமும் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும் என்று கட்டுரையில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்நோய் அதிகம் என்பது உண்மைதான். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, தோலில் இந்த வைட்டமினை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் ஸ்வீடன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் தரைக்கு எட்டாதது. தெர்மாமீட்டருக்கு இதில் வேலையில்லை. கொடைக்கானல் இருப்பது பத்து டிகிரி அட்சரேகையில். ஏழாயிரம் அடி உயரத்தில் அந்தக் கதிர் சமவெளியைவிடக் கடுமையாகவே இறங்கும். பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் பெண்களின் கன்னத்தைப் பார்த்தால் தெரியும். சூரியனை ஆராய 1899இல் ஆய்வகம் அமைத்த ஊர் ஐயா இது! மூடுபனி மாதங்களில் ஸ்வெட்டரும் குல்லாயுமாகக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் குறைபாடு வரலாம். சென்னையில் குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பவருக்கும் வரலாம்.

அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்த ரத்தத்தை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி அதிகமிருந்த வெள்ளையரிடம் நோய் குறைவாக இருந்தது. கறுப்பினத்தவரிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. நம் தோலுக்கு எந்தக் கணக்கு என்று கட்டுரையாளர் ஒரு சொல் கேட்டிருக்கலாம். எப்ஸ்டீன்-பார் என்ற, பரவலாகக் காணப்படும் வைரஸ் தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு ஏறுவதாக 2022இல் வந்த ஆய்வைப் பற்றி மூச்சே இல்லை.

என் தங்கை மகளுக்கு 27 வயதில் இந்த நோய் வந்தது. முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு இடது கால் மரத்தது. பார்க்க வந்தவர்கள், “பிள்ளையை வெயில் படாமல் வளர்த்துவிட்டாய்” என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளி நாட்களில் ஹாக்கி மைதானமே கதியென்று கிடந்த பெண் அவள். உங்கள் கட்டுரையை மூன்று உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பாக்கெட்டைப் பற்றி நான்கு வரி போடுங்கள். அதையும் அனுப்பட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாயுடுபுரம், கொடைக்கானல்.